சந்தேகத்தின் பலன் சர்க்காருக்கே

அநியாயத்துக்கு ஆளாகப் போகிற பொதுமக்களின் கவனத்துக்கு. அரசாங்கத்தின் உத்தரவால் உங்களை வேலையை விட்டுத் துரத்தினால், எதற்காகத் துரத்தினார்கள் என்று எழுதி வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். வீட்டுக்காரர் சாமான்களைத் தெருவில் வைத்தால், வைத்த தேதி, நேரம், காரணம் மூன்றையும் குறித்து அவரிடமே கையெழுத்துக் கேளுங்கள். பூங்கா பெஞ்சில் படுக்க நேர்ந்தால் எத்தனை ராத்திரி படுத்தீர்கள் என்பதற்கு ரோந்து போலீஸ்காரரிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை கேட்டுப் போன இடத்தில் ‘இல்லை’ என்று தலையாட்டினால், அந்தத் தலையாட்டலுக்கும் ஒரு ரசீது வேண்டும். ஏனென்றால் பல வருஷம் கழித்து அதே அரசாங்கத்துக்கு ஒரு நாள் மனம் இளகும். “பெரிய தவறு நடந்துவிட்டது, நஷ்ட ஈடு தருகிறோம்” என்று அறிவிக்கும். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் நிற்பீர்கள். முதல் கேள்வி வரும்: “ஆதாரம் எங்கே?”

மிகையாகப் படுகிறதா? பிரிட்டனின் உள்துறை அமைச்சகம் 2019 ஏப்ரல் 3 அன்று தொடங்கிய விண்ட்ரஷ் நஷ்ட ஈட்டுத் திட்டத்தின் கதையைக் கேளுங்கள். லண்டன் தமிழர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு ‘ஹோம் ஆபிஸ்’ என்பார்களே, அதே அலுவலகம்தான். அநியாயம் செய்ததும் அதுதான். அதற்கு மன்னிப்புக் கேட்டதும் அதுதான். அநியாயம் உண்மையிலேயே நடந்ததா என்று விசாரிக்கிறதும் அதுதான். எவ்வளவு கொடுக்கலாம் என்று தீர்மானிக்கிறதும் அதுதான். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கிள்ளிய தழும்பைக் காட்டினால்தான் தொட்டிலை ஆட்டுவேன் என்றவர்களை இப்போதுதான் பார்க்கிறோம்.

கதை 1948-இல் தொடங்குகிறது. போரில் நொறுங்கிக் கிடந்த பிரிட்டனுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்ற கப்பல், கரீபியன் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜூன் மாதம் டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. அதே ஆண்டுச் சட்டத்தின்படி குடியேற்ற நாடுகளில் பிறந்தவர்களும் ‘ஐக்கிய ராஜ்யம் மற்றும் குடியேற்றங்களின் குடிமக்கள்’. ஜமைக்காவில் பிறந்தவரும் லண்டனில் பிறந்தவரும் காகிதத்தில் சரிசமம். வந்தவர்கள் பஸ் ஓட்டினார்கள், ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக நின்றார்கள், ரயில்வேயில் வேலை பார்த்தார்கள். பின்னாலேயே பிள்ளைகள் வந்தார்கள். பலருக்குத் தனி பாஸ்போர்ட் கிடையாது. அம்மாவின் பாஸ்போர்ட்டிலோ அண்ணனின் பாஸ்போர்ட்டிலோ ஒட்டிக்கொண்டு வந்த சிறுவர்கள்.

1971-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் 1973 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு முன்பே காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்து குடியேறியிருந்தவர்கள் காலவரையின்றி வாழலாம் என்று சட்டமே சொல்லிவிட்டது. கரீபியர்களுக்கு மட்டுமல்ல, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். விண்ணப்பம் வேண்டாம், முத்திரை வேண்டாம், பேச்சே போதும் என்பது அன்றைய தாராளம். யாருக்கெல்லாம் இந்த உரிமை உண்டு என்று ஒரு பட்டியலைக்கூட அரசு வைத்துக்கொள்ளவில்லை. ஆக, உரிமையைக் கொடுத்தவர் காகிதம் கொடுக்கவில்லை. வாங்கியவர் காகிதம் கேட்கவில்லை. நாற்பது வருஷம் எல்லாம் நன்றாகவே ஓடியது.

மிச்சமிருந்தது ஒன்று: கப்பலிலிருந்து இறங்கியபோது எழுதிய வருகைச் சீட்டுகள். யார், எந்தத் தேதியில், எந்தக் கப்பலில் வந்தார்கள் என்ற ஒரே பதிவு சிலருக்கு அதுதான். குரோய்டனில் ஓர் அரசுக் கட்டடத்தின் நிலவறையில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. 2010-இல் அவற்றை உள்துறையே அழித்தது. பின்னால் விஷயம் வெடித்தபோது நாடாளுமன்றத்தில் அழகான ஒரு காட்சி. அழிக்கும் முடிவு 2009-இல் லேபர் கட்சி ஆட்சியில் எடுக்கப்பட்டது என்றார் அன்றைய பிரதமர் தெரசா மே. அழிக்கப்பட்டபோது உள்துறை அமைச்சர் யார் என்று எதிர்த்தரப்பு கேட்டது. அதே தெரசா மேதான். முடிவு அவர்களுடையது, அழித்தது இவர்கள் காலத்தில், ஆதாரம் கொண்டுவர வேண்டியது மட்டும் மூன்றாமவர்.

2012-இல் தெரசா மே அம்மையார், சட்ட விரோதமாகத் தங்கியிருப்பவர்களுக்குப் பிரிட்டனில் உண்மையான ‘பகைமைச் சூழலை’ உருவாக்கப்போவதாக அறிவித்தார். ஓர் அமைச்சர் தன் துறையின் லட்சியமே பகைமை என்று பட்டவர்த்தனமாகச் சொன்னது உலக நிர்வாக வரலாற்றில் அபூர்வம். 2014, 2016 சட்டங்கள் வந்தன. வீட்டுக்காரர், வங்கிக்காரர், ஆஸ்பத்திரி குமாஸ்தா, முதலாளி எல்லோரும் சம்பளமில்லாத எல்லைக் காவலர்கள் ஆனார்கள். காகிதம் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் அப்போது ஆளுக்கு 20,000 பவுண்டு வரை அபராதம். கறுப்புத் தோலும் கரீபியன் உச்சரிப்பும் உள்ள ஒருவர் முன்னால் வந்து நின்றால் எந்த முதலாளி தன் பணப்பையோடு விளையாடுவார்? 2013-இல் ‘நாட்டுக்குத் திரும்பிப் போ, இல்லாவிட்டால் கைது’ என்ற விளம்பரத்தோடு லண்டன் தெருக்களில் வண்டிகளே ஓடின.

அப்போது ஆதாரத்தின் அளவுகோல் என்னவாக இருந்தது என்பதைக் கவனமாகப் பாருங்கள். அமைச்சகத்துக்காக ஒரு தனியார் நிறுவனம், ‘நீங்கள் இந்த நாட்டில் தங்க உரிமையில்லை, கிளம்புங்கள்’ என்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தவருக்கும் அது போனது. துரத்துவதற்கு ஓர் எஸ்எம்எஸ் போதும். சந்தேகம் என்ற ஒன்று இருந்தாலே போதும். ‘முதலில் நாடு கடத்து, பிறகு அப்பீல்’ என்பதே கொள்கை. ஆனால் ‘நான் இங்கேதான் ஐம்பது வருஷமாக இருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், ஒவ்வொரு வருஷத்துக்கும் ஆவணம் கொண்டுவா என்றார்கள். சிலரிடம் வருஷத்துக்கு நான்கு ஆவணம் கேட்டார்கள். ஐம்பதை நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

வருஷத்துக்கு நான்கு காகிதம் என்றால் என்ன என்று கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். 1974-க்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்துக்கு எழுதினால் அந்தப் பள்ளிக்கூடமே மூடியாகிவிட்டது. பல் டாக்டர் செத்துப் பத்து வருஷமாகிவிட்டது. முதல் வேலை கொடுத்த தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது சூப்பர் மார்க்கெட். வாடகைக்குக் குடியிருந்த அறையின் சொந்தக்காரர் ரசீது கொடுக்கிற ஜாதி இல்லை. தேசியக் காப்பீட்டுச் சந்தா கட்டிய கணக்கு வரித்துறையிடம் இருக்கிறது, வரித்துறையும் அரசாங்கம்தான், இரண்டு அலுவலகங்களும் லண்டனில்தான் இருக்கின்றன. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பக்கத்துக் கட்டடத்துக்கு அரசாங்கம் நடக்காது. அறுபது வயதுக்காரர்தான் நாற்பது வருஷத்துக்குப் பின்னால் நடந்து போய் எடுத்து வர வேண்டும்.

பாலெட் வில்சன் என்ற பெண்மணி 1968-இல், சிறுமியாக ஜமைக்காவிலிருந்து வந்தவர். 34 வருஷம் காப்பீட்டுச் சந்தா கட்டியவர். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவர். குடிவரவுச் சட்டங்களுக்குக் கை தூக்கிய உறுப்பினர்களின் சபைக்கே சோறு பொங்கியவருக்கு 2015-இல் கடிதம் வந்தது: நீங்கள் சட்ட விரோதக் குடியேறி. உதவித்தொகை நின்றது, வீடு போனது. 2017 அக்டோபரில் பிடித்துக்கொண்டுபோய் யார்ல்ஸ் வுட் தடுப்பு மையத்தில் ஒரு வாரம் வைத்தார்கள். அங்கிருந்து ஹீத்ரோ. ஐம்பது வருஷமாகப் போகாத ஜமைக்காவுக்கு விமானம் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அவருடைய தொகுதி எம்.பி.யும் ஒரு தொண்டு அமைப்பும் குறுக்கே விழுந்து தடுத்தார்கள். லண்டனில் நாற்பத்து நான்கு வருஷம் வாழ்ந்த இன்னொரு மனிதருக்குப் புற்றுநோய். கதிர்வீச்சுச் சிகிச்சை வேண்டுமானால் 54,000 பவுண்டு கட்டு, அல்லது காகிதம் காட்டு என்றார்கள். புற்றுநோய் மட்டும் அவரிடம் காகிதம் எதுவும் கேட்கவில்லை.

‘கார்டியன்’ பத்திரிகையின் அமேலியா ஜென்டில்மன் ஒவ்வொரு கதையாக எழுத எழுத, 2018 ஏப்ரலில் வெட்கம் தாங்காமல் அரசு மன்னிப்புக் கேட்டது. உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் ராஜினாமா செய்தார். லண்டனில் காமன்வெல்த் மாநாட்டுக்கு வந்திருந்த கரீபியன் பிரதமர்களின் முகத்தைப் பார்த்து தெரசா மேவும் மன்னிப்புக் கோரினார். வெட்கம் வர விருந்தாளிகள் வர வேண்டியிருந்தது. தவறாக வெளியேற்றப்பட்டவர்கள் குறைந்தது 83 பேர் என்று அந்த ஆண்டு இறுதியில் ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 11 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.

அப்புறம்தான் நஷ்ட ஈடு.

திட்டத்தின் ஆரம்ப விலைப்பட்டியலை ஒரு தடவை வாய்விட்டுப் படிக்க வேண்டும். தவறாக நாடு கடத்தப்பட்டதற்கு 10,000 பவுண்டு. மேற்படிப்புக்குப் போக முடியாமல் போனதற்கு 500 பவுண்டு. வீடில்லாமல் தெருவில் நின்றதற்கு மாதத்துக்கு 250 பவுண்டு. லண்டனில் மாதம் 250 பவுண்டுக்கு அறை கிடைக்கும் என்று நம்பிய ஒரே அலுவலகம் இதுவாகத்தான் இருக்கும். வாழ்க்கை பாழானதற்கு என்று தனியாக ஒரு தலைப்பு. அதில் குறைந்தபட்சம் 250, அதிகபட்சம் 10,000. வேலை போனதற்கு, எத்தனை வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தாலும், ஆரம்ப விதியில் ஓராண்டுச் சம்பளத்துக்கு மேல் இல்லை. இவ்வளவையும் வாங்குவதற்கு ஆதாரம்.

சட்டத்தில் தராசு இரண்டு. கிரிமினல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் அவ்வளவு வேண்டாம்; இரண்டு தரப்பில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். நஷ்ட ஈடு என்பது வழக்கமாக இரண்டாவது தராசில் நிறுக்கிற சரக்கு. ஆனால் விண்ட்ரஷ் திட்டத்தில் சில தலைப்புகளுக்கு முதல் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேலை போய் வயிறு காய்ந்த கிழவர், தான் காய்ந்ததைக் கொலைக் குற்றம் நிரூபிப்பதைப் போல நிரூபிக்க வேண்டும்.

கிரிமினல் சட்டத்தில் அந்தத் தராசு ஏன் அத்தனை கனமாக இருக்கிறது என்பது முதல் வருஷச் சட்டக் கல்லூரி மாணவனுக்குத் தெரியும். ஒரு பக்கம் போலீஸ், ஜெயில், கஜானா எல்லாம் வைத்திருக்கிற அரசு. மறுபக்கம் தனி மனிதன். அந்த மனிதனை அரசிடமிருந்து காப்பாற்றத்தான் சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுக்கிறார்கள். இங்கே தராசு அதேதான். நிற்கிற இடம்தான் மாறிவிட்டது. குற்றவாளி அரசு, சந்தேகத்தின் பலனும் அரசுக்கு. ஜெயில், போலீஸ், கஜானா மூன்றையும் வைத்திருக்கிறவரை, மஞ்சள் பையில் பழைய காகிதம் கொண்டுவந்த கிழவியிடமிருந்து சட்டம் காப்பாற்றுகிறது.

நடைமுறையில் இது எப்படி என்று பாருங்கள். உங்களுக்கு வேலை கிடைக்காமல் போனதற்குக் காரணம் உங்கள் காகிதச் சிக்கல்தான், வேறு எதுவும் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். எந்த முதலாளி ‘உன்னிடம் பிரிட்டிஷ் காகிதம் இல்லாததால் உன்னை எடுக்கவில்லை’ என்று கடிதம் எழுதிக் கொடுத்தான்? ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்பதுதான் உலகத்து முதலாளிகள் எல்லோரும் பேசுகிற பாஷை. வீடில்லாமல் திரிந்ததற்கு ஆவணம் வேண்டும். விலாசம் இல்லாதவனுக்கு எந்த ஆவணம் எந்த விலாசத்துக்கு வந்தது? மனைவி பிரிந்தது, பிள்ளை பேசாமல் போனது, கடன்காரன் முன்னால் தலைகுனிந்தது, இதற்கெல்லாம் கோப்பு எண் போட்டு யார் வைத்திருப்பார்கள்?

இன்னொரு நிபந்தனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் குடியுரிமைச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள நீங்கள் நியாயமான முயற்சி எடுத்தீர்களா? எடுக்கவில்லையென்றால் தொகையைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். அதாவது ‘வீட்டுக்குப் போ’ என்று வண்டி விட்டு மிரட்டிய அலுவலகத்தின் கதவைத் தட்டி, “ஐயா, நான் இங்கே இருக்கிறேன், என் சிக்கலைக் கவனியுங்கள்” என்று நீங்களே போய் நின்றிருக்க வேண்டும். பாலெட் வில்சன் அப்படித்தான் கையெழுத்துப் போட மாதாமாதம் போய்க்கொண்டிருந்தார். போன இடத்தில்தான் பிடித்தார்கள்.

எதிர்ப்புகள் கிளம்பின. ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ என்கிற வாசகத்தைப் பிறகு கைவிட்டார்கள். வாசகம்தான் போனது, அதை எழுதிய கையும் படித்துப் பழகிய கண்ணும் அங்கேயே இருந்தன. 2021 நவம்பரில் நாடாளுமன்ற உள்துறைக் குழு, இழப்புகளுக்கு ஆவணம் கேட்டு விண்ணப்பதாரர்கள் தலையில் அளவுக்கு மீறிய சுமை ஏற்றப்படுகிறது என்று எழுத வேண்டியிருந்தது.

திட்டத்துக்குள்ளேயே வேலை பார்த்தவர் என்ன சொன்னார் தெரியுமா? நஷ்ட ஈட்டுக் குழுவில் மிக மூத்த கறுப்பின அதிகாரி அலெக்சாண்ட்ரா அங்க்ரா. 2020-இல் வேலையை உதறிவிட்டு வந்தார். திட்டம் நிறவெறியில் ஊறியது, காரியத்துக்கு உதவாது என்றார். பகைமைச் சூழலை அமல்படுத்தியவர்களில் சிலரே நஷ்ட ஈட்டையும் கவனிக்கிறார்கள் என்றார். அனுபவசாலிகளைத்தானே போட வேண்டும்!

கணக்குத் தணிக்கை அலுவலகம் 2021 மே மாதம் உள்ளே எட்டிப் பார்த்தது. ஒரு விண்ணப்பத்தை முடிக்க 30 மணி நேரம் ஆகும் என்று அமைச்சகம் கணக்குப் போட்டிருந்தது. ஆனது 154 மணி நேரம். 125 ஊழியர் தேவை என்று தெரிந்தும் ஆறு பேரோடு கடையைத் திறந்திருந்தார்கள். திட்டம் தொடங்கி முதல் ஒன்பது மாதத்தில் 36 பேருக்கு மொத்தமாக 62,198 பவுண்டு கொடுத்திருந்தார்கள். அதாவது 36 குடும்பத்தின் பாழான வருஷங்களுக்கு, வேலை, வீடு, மருந்து, மானம் எல்லாம் சேர்த்து, ஒரு அதிகாரியின் வருஷச் சம்பளம் அளவுக்கு. மொத்தச் செலவு 20 கோடியிலிருந்து 57 கோடிப் பவுண்டு வரை ஆகலாம் என்று ஆரம்பத்தில் சொன்னவர்கள், பிறகு 6 கோடியிலிருந்து 26 கோடி என்று இறக்கிக்கொண்டார்கள். பாவம் குறைந்துவிடவில்லை, பாவத்தை நிரூபிக்க முடிந்தவர்கள் குறைவாக இருந்தார்கள்.

இப்போது வேறொரு நஷ்ட ஈட்டுத் திட்டத்தைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு நஷ்ட ஈடு கொடுக்கத் தெரியாது என்று யாரும் அவதூறு பேசக் கூடாது.

1833-இல் பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. சுமார் எட்டு லட்சம் பேர் விடுதலை பெற்றார்கள். அரசு உடனே 2 கோடிப் பவுண்டு ஒதுக்கியது, அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். அடிமைகளுக்கு அல்ல. சொத்தை இழந்த எஜமானர்களுக்கு. தனி ஆணையம் அமைத்தார்கள். சுமார் 46,000 உரிமைக் கோரிக்கைகள் வந்தன. 1835-இல் ரோத்ஷைல்டிடமும் மற்றவர்களிடமும் ஒன்றரைக் கோடிப் பவுண்டு கடன் வாங்கிப் பட்டுவாடா செய்தார்கள். பிற்காலப் பிரதமர் கிளாட்ஸ்டனின் தகப்பனாருக்கு, இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட மனிதர்களை ‘இழந்ததற்காக’, ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அந்த ஆணையம் யாரிடமும், ‘உங்கள் மன உளைச்சலைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபியுங்கள்’ என்று கேட்டதாகத் தெரியவில்லை. ஆதாரத்துக்கும் பஞ்சமில்லை. தீவு தீவாக அடிமைப் பதிவேடுகள்: பெயர், வயது, நிறம். சரக்குக் கணக்கு எழுதுகிற கவனத்தோடு எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பதிவேடுகள் இன்றைக்கும் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. மனிதர்கள் சொத்தாக இருந்தபோது அவர்களைப் பற்றிய காகிதம் இருநூறு வருஷமாகப் பூச்சி அரிக்காமல் இருக்கிறது. அவர்களுடைய வாரிசுகள் குடிமக்களாக வந்து இறங்கிய காகிதத்தை வைத்துக்கொள்ளத்தான் குரோய்டனில் இடம் போதவில்லை.

விடுதலை பெற்றவர்களோ ‘பயிற்சியாளர்’ என்ற புதுப் பெயரில், 1838 வரை அதே எஜமானர்களுக்குச் சம்பளமில்லாமல் உழைத்தார்கள். எஜமானர்களுக்குக் கொடுக்க வாங்கிய கடன் எப்போது அடைந்தது தெரியுமா? 2015-இல். இதை 2018 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கருவூலமே ட்விட்டரில் ஒரு சுவாரசியமான தகவலாகப் போட்டது. உங்களில் லட்சக்கணக்கானவர்கள் உங்கள் வரிப் பணத்தால் அடிமை முறையை ஒழிக்க உதவியிருக்கிறீர்கள் என்று மக்களைத் தட்டிக்கொடுத்தது. கண்டனம் எழுந்ததும் பதிவை நீக்கிவிட்டார்கள். 34 வருஷம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்த பாலெட் வில்சனும் அந்த லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். தன் பாட்டன் பூட்டனை விலைக்கு வைத்திருந்தவர்களுக்கு அரசு கொடுத்த நஷ்ட ஈட்டின் கடனை அடைக்க அவரும் வரி கட்டியிருக்கிறார். கடன் தீர்ந்த அதே 2015-இல்தான் அவருக்கு ‘நீ சட்ட விரோதக் குடியேறி’ என்ற கடிதமும் வந்தது.

தமிழ் வாசகருக்கு இந்தப் பாணி புதிதாக இருக்காது. இதே பேரரசு தமிழ்நாட்டிலிருந்து கூட்டிக்கொண்டுபோய் இலங்கை மலையகத்தில் இறக்கிய தோட்டத் தொழிலாளர்களிடம், விண்ட்ரஷ் கப்பல் கரை சேர்ந்த அதே 1948-இல், சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தகப்பன் பிறந்த ஆதாரத்தைக் கேட்டது. லயத்து அறையில் பிறந்தவனுக்கு எந்தக் கங்காணி பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தான்? லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். எழுதாதவனிடம் எழுத்தைக் கேட்பது காலனி விட்டுப்போன சீதனங்களில் ஒன்று. விட்டுப்போனவர்களே அதை வீட்டிலும் உபயோகிக்கிறார்கள் என்பதுதான் புதுத் தகவல்.

2020 டிசம்பரில் அன்றைய உள்துறை அமைச்சர் பிரீத்தி படேல் விலைப்பட்டியலைத் திருத்தினார். வாழ்க்கை பாழானதற்குக் குறைந்தபட்சம் 250 என்பது 10,000 ஆனது. அதிகபட்சம் 10,000 என்பது 1,00,000 பவுண்டையும் தாண்டலாம் என்றானது. நல்லதுதான். ஒரே மனிதனின் ஒரே கஷ்டம், ஒரே ராத்திரியில் நாற்பது மடங்கு ஏறியது என்றால், நேற்று வரை அதற்கு விலை போட்டவர்கள் எந்தத் தராசில் போட்டார்கள் என்று யாரும் பதில் சொல்லவில்லை. விண்ணப்பம் எழுத வக்கீல் வைத்தால் அந்தச் செலவை அரசு தராது. எதிரில் இருக்கிற அமைச்சகத்துக்குச் சட்ட ஆலோசகர்கள் படையே உண்டு. ‘இது சிக்கலில்லாத திட்டம், வக்கீல் தேவைப்படாது’ என்பது அதற்குச் சொன்ன சமாதானம். சிக்கலில்லாத விண்ணப்பத்துக்குத்தான் 154 மணி நேரம்.

2020 மார்ச்சில் வெண்டி வில்லியம்ஸ் அளித்த விசாரணை அறிக்கை, இனம் பற்றிய விஷயத்தில் அமைச்சகத்துக்கு இருந்த அறியாமையையும் அலட்சியத்தையும் போட்டு உடைத்து, 30 பரிந்துரைகள் தந்தது. எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டோம் என்றார்கள். 2023 ஜனவரியில் அன்றைய உள்துறை அமைச்சர் சூவெல்லா பிரேவர்மன் மூன்றைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டார். அதில் ஒன்று, குடியேறியவர்களுக்கென்று தனி ஆணையர். அவற்றில் இரண்டைக் கைவிட்டது சட்ட விரோதம் என்று 2024-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்ட விரோதமாக இருப்பவர்களைத் தேடிப்பிடிக்கிற அமைச்சகம் சட்ட விரோதமாக நடந்துகொண்டது என்று ஒரு நீதிபதி எழுத வேண்டியிருந்தது. அதற்காக யாரும் யார்ல்ஸ் வுட்டுக்கு அனுப்பப்படவில்லை. ஆட்சி மாறிய பிறகு, 2025-இல்தான் விண்ட்ரஷ் ஆணையர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டார்.

பாலெட் வில்சன் 2020 ஜூனில், பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதி கேட்டு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவைப் பிரதமர் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த மாதம் இறந்தார். வயது 64. நாடாளுமன்றக் குழு 2021-இல் எழுதியபோது, கையில் ஒரு பென்னிகூட வராமல் இறந்துபோன விண்ணப்பதாரர்கள் 23 பேர். அந்த எண்ணிக்கை பின்னர் ஐம்பதைத் தாண்டியது. வயது எழுபது, எண்பதில் இருக்கிறவர்களிடம் ‘மேலும் ஆவணங்கள் அனுப்பவும்’ என்று கடிதம் போட்டுக்கொண்டே இருப்பது எந்தப் பக்கத்துக்கு லாபம் என்று கணக்குத் தெரியாதவர்கள் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. செத்தவர் சார்பில் வாரிசு கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம். தகப்பன் பட்ட கஷ்டத்துக்கு மகன் ஆதாரம் கொண்டுவர வேண்டும்.

அதே உள்துறைக் குழு அன்றைக்கே தெளிவாகச் சொன்னது: இந்தத் திட்டத்தை உள்துறையிடமிருந்து பிடுங்கித் தனி அமைப்பிடம் கொடுங்கள். அரசு மறுத்துவிட்டது. முடிவு பிடிக்கவில்லையென்றால் மறுபரிசீலனை உண்டு. அதன் முதல் படி அதே அமைச்சகத்துக்குள்தான். இரண்டாவது படியில் வெளியாள் ஒருவர் பார்ப்பார். அவர் பரிந்துரைக்கலாம், உத்தரவிட முடியாது.

எஜமானர்களுக்குப் பணம் கொடுக்க 1833-இல் தனி ஆணையம் அமைக்கத் தெரிந்த அரசாங்கம் இது. விண்ட்ரஷ் விண்ணப்பங்களுக்கு இன்றும் முடிவு எழுதுவது உள்துறை அமைச்சகம். அந்தப் பேனாவை அதன் கையிலிருந்து வாங்குங்கள்.